லினக்ஸில் பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுவது எப்படி?

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பாடப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியவர் மைக்கிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருக்க வேண்டும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கணினியின் ஒலியளவை முழுவதும் ஏற்றிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அரட்டைச் செயலியில் யாரோ காலை வணக்கப் படம் ஒன்றை அனுப்பினார். 'டிங்' என்று ஒரே ஓர் ஒலி. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். வெகுநேரம் காதில் ரீங்காரம் அடங்கவில்லை.

அந்தச் செயலியின் சத்தத்தை மட்டும் குறைக்க முடியாதா என்று அன்றைக்குத்தான் தேடினேன். முடியும். அதற்கான வசதி என் கணினியிலேயே, நாலைந்து சொடுக்குத் தொலைவில், வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறது. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் என்னைப்போலவே திரையின் மூலையில் இருக்கும் ஒற்றை ஸ்லைடரோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசியில் ஓர் இடத்தைத் தவிர, கட்டளைகளைத் தட்டும் முனையத்தை (டெர்மினல்) திறக்கத் தேவையில்லை. பட்டிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் இருக்கும் உச்சரிப்பிலேயே தருகிறேன். இடைமுகத்தைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இடத்தைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எந்தத் திருகு அடைத்திருக்கிறது?

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வால்வு, சமையலறைக்குப் பிரியும் இடத்தில் இன்னொரு வால்வு, கடைசியில் கைகழுவும் குழாய். சமையலறையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் நாம் உடனே தொட்டியைக் குறை சொல்வதில்லை. நடுவில் எதையோ யாரோ மூடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறோம். கணினியின் ஒலிக்கும் அதே பொறுமை வேண்டும்.

செயலியிலிருந்து காதுக்கு வருவதற்குள் ஒலி நான்கு திருகுகளைக் கடக்கிறது. முதலாவது செயலிக்குள்ளேயே இருப்பது. யூடியூப் காணொளியின் அடியில் தெரியும் சிறிய ஸ்பீக்கர் படம் அதுதான். இரண்டாவது, அந்தச் செயலிக்கென்று கணினி தனியாக வைத்திருக்கும் அளவு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. மூன்றாவது, ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ உரிய மொத்த அளவு. விசைப்பலகையின் ஒலி விசைகள் மாற்றுவது இதைத்தான். நான்காவது, வெளியே வைத்த ஸ்பீக்கரிலோ ஹெட்போன் வடத்திலோ இருக்கும் கைத்திருகு. பெரும்பாலும் அது கணினியின் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை ஒரு மணி நேரம் அமைப்புகளைக் குடைந்த பிறகு ஸ்பீக்கரின் பின்புறத் திருகு சுழியத்தில் இருப்பதைக் கண்டேன். வீட்டைப் பெருக்கியவர் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த நான்கும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. லினக்ஸ் ஒலி அமைப்பில் வழக்கமான ஸ்லைடர் ஒன்றைப் பாதிக்கு, அதாவது 50 சதவீதத்துக்கு, இறக்கினால் ஒலி அலையின் உயரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. டெசிபெல் கணக்கில் 18 இறக்கம். காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஓரளவு ஒத்துவரும்படி அப்படி வைத்திருக்கிறார்கள். செயலியின் அளவும் 50, மொத்த அளவும் 50 என்றால் எட்டில் ஒன்றில் எட்டில் ஒன்று, அதாவது அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். 'இரண்டுமே பாதியில்தானே இருக்கிறது, ஏன் இவ்வளவு மெலிவாகக் கேட்கிறது?' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஒரு சிறிய சிக்கல். சில செயலிகளில் முதல் திருகும் இரண்டாவது திருகும் ஒன்றே. படம், பாட்டு ஓட்டும் செயலியான விஎல்சியில் ஒலியளவை மாற்றினால் கணினி அதற்கென்று வைத்திருக்கும் அளவும் சேர்ந்து நகர்வதைப் பார்க்கலாம். அதே வேலையைச் செய்யும் எம்பிவி அப்படி இல்லை. தனக்குள் தானே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும்.

திரைக்குப் பின்னால்

இதைத் தெரிந்துகொள்ளாமலும் வேலை நடக்கும். ஆனால் இணையத்தில் உதவி தேடும்போது மூன்று பெயர்கள் குழப்பும் என்பதால் ஒரு பத்தி. அல்சா என்பது லினக்ஸ் கருநிரலோடு வரும் அடிப்படை. ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது அது. அதற்கு மேலே உட்கார்ந்து, பல செயலிகளின் ஒலியைக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு தந்தது பல்ஸ்ஆடியோ. லெனார்ட் பொயட்டரிங் தொடங்கிய இந்த மென்பொருள் 2007 நவம்பரில் ஃபெடோரா 8 வழியாகவும், 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 வழியாகவும் பரவலான கணினிகளுக்குள் நுழைந்தது. முதல் சில வருடங்கள் அது வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அந்த இடத்தில் இருப்பது விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். ஃபெடோரா 34 அதை 2021இல் ஏற்றது, உபுண்டு 22.10 அடுத்த ஆண்டில், லினக்ஸ் மின்ட் 22 இன்னும் இரண்டு ஆண்டு கழித்து. பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் மொழியையே பேசுவதால் பழைய கருவிகள் எதையும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. கீழே சொல்லும் வழிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

பைப்வயரோடு வரும், எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் துணைநிரலின் பெயர் வயர்பிளம்பர். குழாய், குழாய்க்காரர். என் தண்ணீர்த் தொட்டி உவமை அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

ஏற்கெனவே கையில் இருப்பது

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விதி: செயலி ஒலித்துக்கொண்டிருந்தால்தான் பட்டியலில் அதன் பெயர் வரும். உலாவியைத் திறந்து வைத்திருப்பது போதாது. ஏதாவது ஒரு காணொளி ஓட வேண்டும். சில சமயம் காணொளியை நிறுத்தி வைத்தாலே பெயர் மறைந்துவிடும். புதியவர்கள் 'என் கணினியில் அந்த வசதியே இல்லை' என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே பாட்டை ஓடவிட்டுவிட்டு, பிறகு அமைப்புகளைத் திறங்கள்.

உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இயல்பாக வரும் க்னோம் பணிச்சூழலில் (டெஸ்க்டாப்) 'செட்டிங்ஸ்' திறந்து 'சவுண்ட்' பக்கத்துக்குப் போங்கள். புதிய பதிப்புகளில் கீழ்ப்பகுதியில் 'வால்யூம் லெவல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்ற வரியும், அதன்கீழ் இப்போது ஒலிக்கும் செயலிகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடரும் தெரியும். சற்றுப் பழைய பதிப்புகளில் இந்தப் பட்டியல் தனிச் சாளரமாக வராமல் அந்தப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கும். மேல் வலது மூலையைச் சொடுக்கினால் வரும் ஸ்லைடருக்கு அருகில் உள்ள அம்புக்குறியை நம்பி ஏமாறாதீர்கள். அது எந்த ஸ்பீக்கர் என்று தேர்ந்தெடுக்க மட்டுமே. இவ்வளவு அடிக்கடி தேவைப்படும் ஒன்றை க்னோம் ஏன் இத்தனை அடுக்குக்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு பணிச்சூழல் இந்த விஷயத்தில் பல படி மேல். பணிப்பட்டையில் ஸ்பீக்கர் சின்னத்தைச் சொடுக்குங்கள்; 'டிவைசஸ்', 'அப்ளிகேஷன்ஸ்' என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். இரண்டாவதில் செயலிகள் வரிசையாக நிற்கும். அதைத் திறக்காமலும் ஒரு வழி உண்டு: ஒலிக்கும் செயலியின் பணிப்பட்டைப் பொத்தானிலேயே ஒரு குட்டி ஸ்பீக்கர் தெரியும், அதைத் தொட்டால் அந்தச் செயலி மட்டும் வாயை மூடிக்கொள்ளும். தொலைபேசி மணி அடிக்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

லினக்ஸ் மின்ட் சினமனில் 'சவுண்ட்' அமைப்பைத் திறந்தால் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற பிரிவு மேலேயே இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇயில் பட்டையின் ஸ்பீக்கர் சின்னத்தைச் சொடுக்கி 'ஆடியோ மிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது வழக்கமாக நம்மை அடுத்த பகுதியில் வரும் கருவியிடமே கொண்டு விடும்.

ஐந்து பிரிவுகள் கொண்ட ஒரு பழைய கருவி

மேலே சொன்னவை அன்றாடத்துக்குப் போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் எல்லாப் பணிச்சூழலிலும் ஒரே மாதிரி இயங்கும் ஒரு கருவி இருக்கிறது: 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்'. தொகுப்பின் பெயர் பாவுகண்ட்ரோல். பி, ஏ, வி, யூ ஆகிய நான்கு எழுத்துகளையும் அவற்றோடு ஒட்டி கண்ட்ரோல் என்ற சொல்லையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தேடுங்கள். உபுண்டுவின் ஆப் சென்டர் முதலில் ஸ்னாப் தொகுப்புகளையே காட்டும். வடிகட்டியை டெபியன் தொகுப்புகளுக்கு மாற்றினால் இது வரும். நிறுவும்போது கடவுச்சொல் கேட்கும், பிறகு கேட்காது. பெயரில் பல்ஸ்ஆடியோ இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், பைப்வயரோடும் நன்றாகவே வேலை செய்கிறது.

திறந்தால் மேலே ஐந்து பிரிவுகள்: 'பிளேபேக்', 'ரெக்கார்டிங்', 'அவுட்புட் டிவைசஸ்', 'இன்புட் டிவைசஸ்', 'கான்ஃபிகரேஷன்'. நமக்கு முதலாவதுதான் முக்கியம். ஒலிக்கும் ஒவ்வொரு செயலிக்கும் அங்கே ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஸ்லைடர். அதன் கீழே ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பட்டை. வலப்புறம் ஒலியை அடக்கும் பொத்தான், அதன் பக்கத்தில் ஒரு பூட்டு. பூட்டு போட்டிருந்தால் இடது, வலது இரண்டும் சேர்ந்து நகரும். அதைத் திறந்துவிட்டால் ஒரு காதுக்கு மட்டும் கூட்டிக் குறைக்கலாம். ஏறி இறங்கும் பட்டையை வெறும் அலங்காரமாக நினைக்காதீர்கள். அது ஆடுகிறது, ஆனால் சத்தம் கேட்கவில்லை என்றால் செயலி ஒலியை அனுப்புகிறது, அடைப்பு இரண்டாவது திருகிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது என்று பொருள். அது ஆடவே இல்லையென்றால் முதலில் அதே பெட்டியின் ஸ்லைடரையும் ஒலியடக்கும் பொத்தானையும் பாருங்கள், பிறகு செயலிக்குள் தேடுங்கள். தொட்டியா, குழாயா என்ற பாதி விசாரணை இந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

இப்போது என் 'டிங்' கதைக்கு வருகிறேன். பலர் செய்யும் தவறு, மெலிவாக இருப்பதைக் கூட்ட முயல்வது. ஸ்லைடரில் 100 என்பது செயலி தரும் ஒலியை அப்படியே அனுப்புவது. பூஜ்யம் டெசிபெல் என்று அங்கே எழுதியிருக்கும். அதற்கு மேல் இடம் குறைவு. ஆகவே கூட்டாதீர்கள், மற்றவற்றைக் குறையுங்கள். பாடப் பதிவு ஓடும் உலாவியை 100இல் விட்டுவிட்டு, அதன் குரல் தெளிவாகக் கேட்கும் வரை மொத்த அளவை ஏற்றினேன். பிறகு 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' வரியை 40க்கு இறக்கினேன். கணினி தானாக எழுப்பும் எச்சரிக்கை ஒலிகள் அதில் அடங்கிவிட்டன.

அரட்டைச் செயலி அடங்கவில்லை. அது தன் 'டிங்'கைத் தானே வாசிக்கிறது, கணினியின் எச்சரிக்கை ஒலியாக அனுப்புவதில்லை. அதனால் அதற்குத் தனிப் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டி ஒலி கேட்கும் ஓரிரு விநாடிகள் மட்டுமே இருக்கும்; கையை நகர்த்துவதற்குள் மறைந்துவிடும். மீன் துள்ளும்போது பிடிப்பது மாதிரியான வேலை. இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேறொரு கைப்பேசியிலிருந்து உங்களுக்கே நாலைந்து செய்திகளைச் சரமாரியாக அனுப்பிக்கொண்டு, சுட்டியைத் தயாராக வைத்திருப்பது. இன்னொன்று, செயலியின் அறிவிப்பு அமைப்பில் அழைப்பு மணியை ஒத்திகை பார்க்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துவது; அழைப்பு மணி நீளமானது, அது முடிவதற்குள் ஸ்லைடரை 30க்கு இழுத்துவிடலாம். நான் இரண்டாவது வழியில் பிடித்தேன். ஒருமுறை பிடித்தால் போதும், அடுத்த முறை அந்தச் செயலி ஒலிக்கும்போது கணினி அதே அளவில் தொடங்கும்.

நினைவாற்றல் நல்லதும் கெட்டதும்

இந்த நினைவாற்றலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த 'சத்தம் வரவில்லை' புகார்களில் பாதிக்கு வேர் இதுதான்.

உறவினர் ஒருவருடைய மடிக்கணினியில் ஒருநாள் உலாவி ஊமையாகிவிட்டது. விஎல்சியில் பாட்டு வருகிறது, உலாவியில் மட்டும் எதுவும் இல்லை. அவர் உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். அப்போதும் இல்லை. கணினியைப் பலமுறை அணைத்து ஏற்றினார். கடைசியில் இயங்குதளத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்டபோது நான் போய்ப் பார்த்தேன். காணொளியை ஓடவிட்டு 'பிளேபேக்' பிரிவைத் திறந்தால், உலாவியின் பெட்டியில் ஒலியடக்கும் பொத்தான் அழுந்தியிருந்தது. எப்போதோ கை தவறிப் பட்டிருக்கிறது. ஒரே சொடுக்கில் தீர்ந்தது.

உலாவியை மறுபடி நிறுவியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், அந்த 'அடக்கு' என்ற குறிப்பு உலாவிக்குள் இல்லை என்பதே. பல்ஸ்ஆடியோவோ வயர்பிளம்பரோ அதைப் பயனரின் இல்லக் கோப்புறையில், மறைந்திருக்கும் துணைக் கோப்புறை ஒன்றில் எழுதி வைத்துக்கொள்கிறது. செயலியை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அந்தக் குறிப்பு அசையாது. எனவே ஒரு செயலி மட்டும் ஊமையானால் முதல் வேலை, அதை ஒலிக்கவிட்டு இந்தப் பெட்டியைப் பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

செயலியை அதன் பெயரைக் கொண்டே கணினி நினைவில் வைப்பதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். இன்றைய மேசைக்கணினிச் செயலிகள் பல, உள்ளுக்குள் குரோமியம் உலாவியை மூட்டைகட்டி வைத்திருப்பவை. அவற்றின் பழைய பதிப்புகள் பட்டியலில் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'குரோமியம்' என்றே அறிமுகம் செய்துகொள்ளும். ஒரே பெயரில் இரண்டு செயலிகள் இருந்தால் ஒன்றுக்கு வைத்த அளவு மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும். அரட்டையைக் குறைத்தேன், பாட்டும் குறைந்துவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள். தீரவில்லையென்றால் அதன் உள் அமைப்பிலேயே குறைத்துக்கொள்வது நல்லது.

உலாவி டேப்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இரண்டு டேப்களில் இரண்டு காணொளிகள் ஓடினால் ஒரே உலாவியின் பெயரில் இரண்டு பெட்டிகள் வரலாம். எது எதற்கு என்பதை ஏறி இறங்கும் பட்டையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேறுவேறு அளவு வைக்கலாம், ஆனால் நாளைக்கும் அது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தளத்துக்குத் தளம் நிலையான அளவு வேண்டுமென்றால் அந்தத் தளத்தின் சொந்த ஸ்லைடரைப் பயன்படுத்துங்கள். ஒரு டேப்பை முழுவதும் அடக்க மட்டும் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸில் டேப்பின் மேலே தெரியும் ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டால் போதும். குரோமில் டேப்பின்மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி 'மியூட் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தளம் முழுவதும் அடங்கும்.

நூறுக்கு மேலே

பாவுகண்ட்ரோலின் ஸ்லைடர் 100ஐத் தாண்டி 153 வரை, அதாவது 11 டெசிபெல் ஏற்றம் வரை போகும். கேடிஇயில் 'ரெய்ஸ் மேக்ஸிமம் வால்யூம்' என்ற தேர்வு 150 வரை திறந்துவிடும். க்னோமில் இதன் பெயர் 'ஓவர் ஆம்ப்ளிஃபிகேஷன்'. பதிப்பைப் பொறுத்து 'சவுண்ட்' பக்கத்திலோ 'ஆக்ஸசிபிலிட்டி' பக்கத்தின் செவித்திறன் பிரிவிலோ இருக்கும்.

பதிவே மெலிவாக இருந்தால் இது கைகொடுக்கும், என் கிணற்றுக் குரல் ஆசிரியருக்கு 130 வைத்தேன். ஏற்கெனவே நல்ல உயரத்தில் பதிவான திரைப்பாடலுக்கு அதே 130ஐ வைத்தால், பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிய பால்போல அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிடும். கரகரவென்ற இரைச்சல்தான் மிஞ்சும். சின்ன மடிக்கணினி ஸ்பீக்கர்களை அப்படி நீண்டநேரம் வதைக்கவும் வேண்டாம். கூட்ட வேண்டிய செயலியின் பெட்டியில் மட்டும் 100ஐத் தாண்டுங்கள், மொத்த அளவில் தாண்டாதீர்கள்.

பழைய கணினி ஒன்றில் பல்ஸ்ஆடியோ ஓடுகிறது, ஒரு செயலியைக் கூட்டினால் மொத்த அளவும் கூடவே மேலே போகிறது என்றால் பயப்பட வேண்டாம். 'ஃபிளாட் வால்யூம்ஸ்' என்ற பழைய ஏற்பாடு அது. மிக உரத்த செயலிக்கு ஏற்ப மொத்த அளவை நகர்த்துவது அதன் வழி. சில வழங்கல்கள் அதை அணைத்தே தந்தன, சில தரவில்லை. பைப்வயரில் இந்தத் தொல்லை கிடையாது.

பேச்சு காதுக்கு, கச்சேரி கூடத்துக்கு

அளவைப் பிரித்தாயிற்று, இடத்தையும் பிரிக்கலாம். எங்கள் வீட்டில் ஞாயிறு காலைகளில் அப்பாவுக்குக் கூடத்து ஸ்பீக்கரில் கச்சேரி ஓட வேண்டும். அது ஓடுவதும் என் கணினியில்தான். அதே நேரத்தில் எனக்கு இணையவழிக் கூட்டம் வந்தால் முன்பெல்லாம் சண்டை. இப்போது இல்லை.

'பிளேபேக்' பிரிவில் ஒவ்வொரு பெட்டியின் வலப்பக்கத்திலும் ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று காட்டும் ஒரு பொத்தான் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவி இணைந்திருந்தால்தான் அது பயன்படும். ஹெட்செட்டை யுஎஸ்பியிலோ புளூடூத்திலோ இணைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடக்கும் செயலியின் பெட்டியில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள், பாட்டுச் செயலியின் பெட்டியில் ஸ்பீக்கரை. ஒலி நின்று தொடங்காமல் அப்படியே இடம் மாறும். முதல்முறை பார்க்கும்போது ஏதோ மந்திரம் போலத்தான் இருந்தது. கேடிஇயில் இதைச் செய்யத் தனிக்கருவி தேவையில்லை, 'அப்ளிகேஷன்ஸ்' பிரிவில் செயலியின் பட்டியைத் திறந்தால் கருவிகளின் பெயர்கள் வரும். இந்தத் தேர்வையும் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். எதையும் குறிப்பாகச் சொல்லாத செயலிகள் எங்கே போக வேண்டும் என்பதை 'அவுட்புட் டிவைசஸ்' பிரிவில், கருவியின் பக்கத்தில் உள்ள 'சரி' குறியை அழுத்தித் தீர்மானிக்கலாம்.

சாதாரண ஹெட்போன் குழியில் செருகும் ஹெட்போனுக்கு இது பெரும்பாலும் பலிக்காது. அதுவும் மடிக்கணினி ஸ்பீக்கரும் ஒரே ஒலி அட்டையின் இரண்டு வாய்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும்.

புளூடூத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கூட்டம் தொடங்கிய நொடியில் பாட்டு, பேச்சு எல்லாமே பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் மாறிவிட்டதா? அதை ஒலியளவைத் திருகிச் சரிசெய்ய முடியாது. ஹெட்செட்டின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் அது தரமான ஒலிமுறையை விட்டுவிட்டு அழைப்புக்கான முறைக்கு இறங்கிவிடுகிறது. 'கான்ஃபிகரேஷன்' பிரிவில் அந்த ஹெட்செட்டுக்கு நேரே 'ஹை ஃபிடெலிட்டி பிளேபேக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மைக்குக்கு மட்டும் மடிக்கணினியின் சொந்த மைக்கைப் பயன்படுத்துங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். உங்களுக்குக் காது மிஞ்சும்.

'உங்கள் குரல் கேட்கவில்லை' என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் 'ரெக்கார்டிங்' பிரிவைப் பாருங்கள். இதே ஏற்பாடு அங்கே மைக்குக்கு இருக்கிறது. சில அழைப்புச் செயலிகள் மைக்கின் அளவைத் தாங்களே ஏற்றி இறக்கும். ஸ்லைடர் பேய் பிடித்ததுபோல் நகர்ந்தால் செயலியின் அமைப்பில் அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள்.

எதுவுமே கேட்கவில்லை என்றால்

எல்லாப் பெட்டியிலும் பட்டைகள் ஆடுகின்றன, எல்லா ஸ்லைடரும் மேலே இருக்கின்றன, ஆனாலும் அமைதி. முதலில் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். ஒலிச் சேவைகள் பயனரின் பெயரில் இயங்குபவை என்பதால் பெரும்பாலும் அதுவே அவற்றைப் புதிதாகத் தொடங்கிவிடும். அதற்கும் மசியவில்லையென்றால் நான் முன்பே சொன்ன அந்த ஒரே முனைய வேலை: முனையத்தைத் திறந்து அல்சாமிக்சர் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரே சொல்லாகத் தட்டுங்கள். முதலில் தெரிவது கலவையின் முகப்பு மட்டும். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் என்று தூண்கள் வரிசையாக நிற்கும். எந்தத் தூணின் அடியில் ஆங்கில எம் எழுத்து இரண்டு சேர்ந்து தெரிகிறதோ அது அடக்கப்பட்டிருக்கிறது. அம்பு விசைகளால் அங்கே போய் எம் விசையை அழுத்தினால் திறந்துகொள்ளும். எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள்.

ஒரே படத்துக்குள் இரண்டு சத்தம்

கடைசியாக ஒரு வழக்கு. படம் பார்க்கிறோம், வசனம் முணுமுணுப்பாக இருக்கிறது, சண்டைக் காட்சியில் பக்கத்து வீடு அதிர்கிறது. இதற்கு இதுவரை சொன்ன எந்தத் திருகும் உதவாது, ஏனென்றால் இரண்டும் ஒரே செயலியின் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. இதற்கு ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். முன்பு பல்ஸ்எஃபெக்ட்ஸ் என்ற பெயரில் இருந்தது, இப்போது பைப்வயர் உள்ள கணினிகளில் மட்டும் இயங்கும். அதில் வெளியீட்டுப் பகுதியில் 'கம்ப்ரெஸர்' என்ற விளைவைச் சேர்த்தால் உரத்த பகுதிகளை அமுக்கும். பிறகு மொத்தத்தையும் சற்று உயர்த்திக்கொண்டால் வசனம் மேலே வந்துவிடும். தொடக்கத்தில் அதன் எண்களைத் தொடாமல், இயல்பு நிலையிலேயே வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நிறுவித் திறந்ததும் கணினியின் எல்லா ஒலியையும் அது தன் வழியாகவே ஓட்டும். விருப்பத் தேர்வுகளில் எல்லா வெளியீடுகளையும் பதப்படுத்தும் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, செயலிகளின் பட்டியலில் படம் ஓட்டும் செயலிக்கு மட்டும் குறியிடுங்கள். நான் இதை உடனே செய்யவில்லை. அடுத்த ஞாயிறு தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்து, "மிருதங்கத்தில் கும்கியே கேட்கவில்லையே, ஸ்பீக்கர் போய்விட்டதா?" என்று கேட்டார்.